தங்கூசி முடிச்சு

இவர் கரையிலிருந்து கால்களை அகட்டி வைத்து நடந்து வந்தபோது திருக்கை முள் குத்திவிட்டது என்றுதான் நினைத்தேன். இவர் என் இரண்டாவது கணவர். கடலுக்கடியில் மூழ்கிக் கடலட்டையும் சங்கும் எடுக்கிற சுழியோடி. முள் குத்தியவன் ஊரைக் கூட்டுவான். இவரோ வாய் திறக்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நானா விடுகிற ஆள்?

கதவைத் திறக்க வைத்துப் பார்த்தால், முன்தோலின் ஓரத்தில் தங்கூசி. வலை பின்னுகிற அந்த மெல்லிய நைலோன் நூலால் ஒரு சின்ன முளையைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார். எங்கள் கரையில் கையில் உண்ணி என்கிற மரு வந்தால் இப்படித்தான் கட்டுவார்கள். இரத்தம் ஓடாமல் கறுத்து விழுந்துவிடும். கையில் விழும். அங்கே வீங்கிச் சிவந்து, சலம் கழிக்கவே மனுசன் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. நகம் வெட்டுகிற கத்தரியால் நானே முடிச்சை வெட்டி எடுத்தேன்.

"எத்தினை நாளா இருக்கு?"

"கனநாள். ஈரக் களிசானோட கிடக்கிறதால வாற உப்புப் புண் எண்டு விட்டிட்டன். நோகேல்லை. பிறகு பக்கத்தில இன்னும் ரெண்டு வந்திட்டுது."

நோகவில்லை என்றதும் கத்தரியைக் கீழே வைத்தேன். எனக்கும் நோகவில்லை. சில வாரங்களாகவே, குளித்துக் கழுவும்போது குரக்கன் மணி போலச் சொரசொரப்பாக ஏதோ விரலில் பட்டது. தோலின் நிறந்தான். முதலில் ஒன்று, பிறகு பக்கத்திலே பக்கத்திலே முளைத்து, கறிக்கு வெட்டுகிற பூக்கோவா மாதிரி ஒரு கொத்து. சொறியத் தூண்டுகிற மெல்லிய கடி, எந்நேரமும் ஓர் ஈரம், ஒருநாள் துணியில் ஒரு பொட்டு இரத்தம். புற்றுநோயோ என்று பயந்து, யாருக்கும் சொல்லாமல் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன். இவருக்கு இருப்பதுதான் எனக்கும் இருக்கிறது என்று அப்போது விளங்கியது.

பயம் இருந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது.

"எங்க போய் வாங்கினீங்கள்?"

என்னைக் கட்டுவதற்கு முன் கற்பிட்டிப் பக்கம் தொழிலுக்குப் போய்க் கிடந்த தனிக்கட்டை இவர். "ஆண்டவரறிய எனக்குத் தெரியாது," என்றார். தெரியாது என்றால் என்ன அர்த்தம்? போகவில்லை என்று சொல்லவில்லையே. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சத்தமாகவே சொன்னேன். பாயைச் சுருட்டிக் கையில் கொடுத்து, கரையில் தொழில் சாமான் வைக்கிற வாடியில் போய்ப் படுக்கச் சொன்னேன். வைத்தியர் சொல்வதைக் கேட்டபிறகுதான் இனி வீட்டுக்குள் எடுப்பதா என்று முடிவு சொல்வேன் என்றேன்.

சுவரில் என் முதற்கணவரின் படம் தொங்கியது. மீன் லொறி ஓட்டிக் கொழும்புக்குப் போய்வந்தவர். கோயில் திருநாளில் மாதா சுருவம் தூக்குவார். ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் எழும்பவில்லை. செத்தபின் மனுசன் இன்னும் நல்லவராகிவிட்டார். "நீங்கள் இருந்திருந்தால் எனக்கு இந்த வெட்கக்கேடு வந்திருக்குமோ," என்று, பாயோடு வாசலில் நின்ற இவருக்குக் கேட்கும்படி அந்தப் படத்தடியில் நின்று அழுதேன்.

எங்கள் தீவுக்குள் ஆஸ்பத்திரிக்குப் போனால் வரிசையில் பாதிப்பேர் சொந்தக்காரர். பாலத்துக்கு அங்கால் வயலூரான முருங்கனுக்கு அரிசி வாங்கப் போகிறோம் என்று பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டு பஸ் ஏறினோம். இவர் முன் சீட்டில், நான் பின்னால். பாலம் தாண்டும்வரை ஜன்னல் கம்பியைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தேன், இருப்புக் கொள்ளவில்லை. முருங்கனில் இறங்கி வேறு பஸ் மாறி, எங்களைத் தெரியாத ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

வைத்தியர் ஒரு பெண். இருவரையும் தனித்தனியாகப் பார்த்தார்.

"இது உப்புப் புண் இல்லை, பிறப்புறுப்பில வாற உண்ணி. ஒரு வைரஸ். உறவு வைக்கேக்க தோலோட தோல் பட்டுத் தொத்துறது. ஆம்பிளையளுக்கு முன்தோலுக்குக் கீழ, தண்டில, விதைப்பையில வரும். பொம்பிளையளுக்கு வெளியில மட்டுமில்லை, உள்ளுக்கும் கர்ப்பப்பை வாசலிலயும் வரும். ரெண்டு பேருக்கும் மலவாசலைச் சுத்தியும் வரலாம். கனபேருக்கு நோகாது, அதால கவனிக்கிறேல்லை. சிலருக்கு வெளியில ஒண்டுமே தெரியாது. கட்டவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். கையுண்ணிக்குப் பூசுற மருந்தையும் அங்க பூசாதேங்கோ."

மருந்து பூசத் திரும்பத் திரும்ப வரவேண்டும், போனாலும் மறுபடி முளைக்கலாம் என்றார். இந்த உண்ணி புற்றுநோய் இல்லை, ஆனாலும் கர்ப்பப்பை வாசலைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்றார். அந்த ஒரு பயம் இறங்கியதும் நான் கேட்க வந்ததைக் கேட்டேன்.

"ஆர் கொண்டு வந்தது, டொக்டர்?"

"அதைச் சொல்லேலாது அம்மா. தொத்தி மாசக்கணக்கில, சிலருக்கு வருசக்கணக்கில சத்தமில்லாமல் கிடந்திட்டு வெளிக்கிடும். அவரிட்ட இருந்து உங்களுக்கு வந்திருக்கலாம். உங்களிட்ட இருந்து அவருக்கும் போயிருக்கலாம்."

"என்னிட்ட இருந்தோ? நான் அப்பிடிப்பட்டவள் இல்லை," என்று எழும்பிவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "இது உங்களுக்கு முதல் கலியாணமோ?" என்று மட்டும் கேட்டார். நான் கதிரையில் திரும்ப உட்கார்ந்தேன்.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற முருங்கனில் அரிசி வாங்க வேண்டியிருந்தது. அந்தப் புண்ணோடு இவரே மூட்டையைச் சுமந்து வந்து குசினியில் வைத்துவிட்டு வாடிக்குப் போனார். நான் மறிக்கவில்லை.

அதன்பிறகு வீட்டில் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. படத்தைத் துடைப்பேன், துடைத்த கையோடு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். லொறி கொழும்பில் தங்கிய இரவுகளைப் பற்றி நான் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது கேட்க ஆளும் இல்லை. மருந்து பூச இவரோடு போனேன், வந்தேன். பஸ்சில் இன்னமும் வேறு வேறு சீட்.

ஆத்துமாக்கள் நாளில் சேமக்காலையில் கல்லறைகளுக்கு வெள்ளை அடித்து மெழுகுதிரி கொளுத்துவது எங்கள் வழக்கம். என்னைக் கட்டிய நாளிலிருந்து முதற்கணவரின் கல்லறைக்கு வெள்ளை அடிப்பது இவர்தான். இந்தமுறை வரமாட்டார் என்று நினைத்தேன். நான் போனபோது சிலுவையின் ஒரு கை வெளுத்திருந்தது. மற்றக் கைக்கு மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"இது எப்பவோ வந்து கிடந்திருக்கலாம் எண்டு டொக்டர் உங்களுக்கும் சொன்னவாதானே," என்றேன். "ஏன் ஒருநாளும் நீங்கள் இந்த மனுசனைக் குறை சொல்லேல்லை?"

அவர் அடிப்பதை நிறுத்தவில்லை.

"செத்தவர் எழும்பி வந்து இல்லையெண்டு சொல்ல ஏலாதுதானே. நானெண்டால் உயிரோட இருக்கிறன். உம்மட ஏச்சைத் தாங்குவன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. இவர்மேல் ஆசையாகவும் இருந்தது. மெழுகுதிரியைக் கல்லறையில் நட்டேன். கொளுத்த மனம் வரவில்லை, கொளுத்தாமல் விடவும் மனம் வரவில்லை. இவர்தான் கொளுத்தினார். திரும்பும் வழியில் வாடிக்குள் போய், மணல் பிடித்துக் கிடந்த பாயை உதறிச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வீட்டுப் பக்கமாக நான் முன்னால் நடந்தேன்.