உட்கார்ந்தே நடந்த பதினெட்டாயிரம் அடி

டிப்போவில் அவருக்கு ஹாரன் என்று பெயர். ஓய்வறையில் அவர் விடும் குறட்டைக்காக வைத்தது. இருபத்திரண்டு வருடமாகப் பஸ் ஓட்டுகிறார். தொப்பை ஸ்டீயரிங்கைத் தொட ஆரம்பித்து நாலு வருடம் இருக்கும்.

வருடாந்திரப் பரிசோதனையில் டாக்டர் ரத்த அழுத்தத்தை இரண்டு தடவை பார்த்தார்.

"மாத்திரை மட்டும் போதாது. நடக்கணும், ஏழு மணி நேரம் தூங்கணும். மூணு மாசத்துல குறையலைன்னா வண்டி ஓட்டக் கையெழுத்துப் போட மாட்டேன். ஒர்க்‌ஷாப்புக்கு மாத்திடுவாங்க."

ஹாரனோ, ஓட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாத மனுஷன்.

மகள் அடியை எண்ணும் கைக்கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுத்தாள். முதல் நாளே பதினெட்டாயிரம் காட்டியது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் கையை நீட்டினார். இவ்வளவு நடக்கிறவன் கொஞ்சம் கூடச் சாப்பிட்டால் என்ன என்று சாப்பிடவும் செய்தார். ஒரு மாதம் கழித்து மருந்துக்கடையில் பார்த்தால் அழுத்தம் துளியும் இறங்கவில்லை.

கண்டக்டர்தான் கண்டுபிடித்தான். "அண்ணே, நீங்க கியர் போடப் போட அது எண்ணுது. உக்காந்துகிட்டே ஊரைச் சுத்தியிருக்கீங்க."

வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது, இரண்டு மாதம்தான் பாக்கி. மறுநாள் வேகம் வந்து ஓடினார். மூன்றாம் நாள் முட்டி வீங்கி வீட்டில் கிடந்தார். இந்த மூன்று நாள் வீராப்பு நமக்கெல்லாம் தெரிந்ததுதானே, நானும் அந்தக் கூட்டம்தான்.

மனைவி வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபடி சொன்னாள். "டாக்டர் உங்கள ஓடவா சொன்னாரு? கடைசி ஸ்டாப்புல வண்டி பன்னெண்டு நிமிஷம் நிக்குதுல்ல, அப்ப எறங்கி நடங்க."

அந்தப் பன்னிரண்டு நிமிடம் டிரைவர்கள் சீட்டில் சாய்ந்து கண் அசரும் நேரம். ஒரு நாளைக்கு எட்டு டிரிப். முட்டி தேறியதும், இன்ஜினை அணைத்த கையோடு இறங்கிவிடுவது என்று வைத்துக்கொண்டார். ஒரு நொடி சாய்ந்தாலும் போச்சு. மழை பெய்தால் நிழற்குடைக்குள்ளேயே நடந்தார். ஒன்பது மணிக்குப் போனைச் சமையலறையில் வைத்துவிட்டுப் படுத்தார். முதல் வாரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் தூக்கம் தானாக வந்தது.

கெடு முடிந்த அன்று டாக்டர் மறுபடி இரண்டு தடவை பார்த்தார். கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் முதலில் மனைவிக்குப் போன் போட்டார்.

மறுநாள் கடைசி ஸ்டாப்பில் கண்டக்டர், "அதான் பாஸாயிட்டீங்களே, இன்னைக்காவது படுங்கண்ணே" என்றான்.

சரியென்று சாய்ந்தார். கண் சொக்கியது. அப்பா, என்ன சுகம். இரண்டே நிமிடத்தில் விருட்டென்று எழுந்தார்.

"என்னண்ணே?"

"இன்னைக்குப் படுத்தா நாளைக்கும் படுப்பேன்டா. என்னைய எனக்குத் தெரியும்" என்று இறங்கி நடந்தார்.