உலகம்மை அத்தை வாங்கிக்கொண்ட குழந்தை

மலையாள நாட்டுத் தலைநகரில், ஆரியசாலையில் எங்கள் சந்து மிகவும் குறுகல். எங்கள் மாடி ஜன்னலில் நின்றால் எதிர்வீட்டு உலகம்மை அத்தையின் முற்றமும் அடுக்களை வாசலும் அப்படியே தெரியும். குரலை உயர்த்தாமலே பேசிக்கொள்ளலாம். கழக்கூட்டத்து ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்தே செய்த அந்த மாதங்களில் நான் அந்த ஜன்னலோரத்தில்தான் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதையெல்லாம் பார்க்க வாய்த்தது அப்படித்தான்.

அத்தை எனக்கு உறவில்லை. இந்தச் சந்தில் எல்லோருக்கும் அவள் அத்தை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாகர்கோவில் பக்கமிருந்து வந்த அப்பா தொடங்கிய வத்தல் மொத்தக்கடையைத் தம்பி நெல்லையப்பனோடு சேர்ந்து நடத்தி வந்தாள். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. சுத்தம் என்றால் அவளுக்கு வெறி. யாராவது செருப்போடு நடையில் கால் வைத்துவிட்டால், அவர்கள் சந்துமுனை தாண்டும் முன்பே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுவாள். கல்யாண வீட்டில் கைக்குழந்தையை நீட்டினால் வாங்க மாட்டாள். "எனக்கு பிள்ளெ எடுத்து பழக்கமில்ல" என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வாள்.

அவள் வீட்டு மாடியில் ஞானையனும் ஷெமியும் வாடகைக்கு இருந்தார்கள். ஞானையன் மார்த்தாண்டத்துக்காரர், ஆம்புலன்ஸ் ஓட்டினார். ஷெமி பத்தனம்திட்டைப் பெண், நர்ஸ். பிரசவ விடுப்பில் இருந்தாள். குழந்தை அக்ஸாவுக்கு ஐந்து மாதம். தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் அறியாத வயது.

2020 ஜூலையில் நகரத்துக்கு மூன்றடுக்கு ஊரடங்கு வந்தது. சாலைக் கம்போளக் கடைத்தெருவில் ஒரு கடைகூடத் திறக்கவில்லை. சந்துமுனையில் போலீஸ் கயிறு கட்டியது. பால் கவரைக்கூட சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் எடுத்தோம். அந்த வாரத்தில்தான் ஞானையனுக்குக் காய்ச்சல் கண்டது. சோதனையில் கோவிட் என்று வந்து, அவரைச் சிகிச்சை மையத்துக்குக் கொண்டுபோனார்கள். ஷெமிக்கும் தொற்றியிருந்தது. அவள் வீட்டிலேயே குழந்தையோடு இருக்கலாம் என்றுதான் முதலில் சொன்னார்கள். ஆனால் இரண்டொரு நாளில் அவளுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது.

அன்று காலை அவளை ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்கள். ஆக்ஸிஜன் மாஸ்க்குக்கு மேலே அவள் கண்கள் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தன. படியில், தலை முதல் கால் வரை மூடிய கவச உடையில் ஆஷா சுகாதாரப் பணியாளர் ஒருத்தி அக்ஸாவை வைத்துக்கொண்டு நின்றாள். குழந்தைக்குத் தொற்றில்லை. ஆனால் யாரிடம் கொடுப்பது? ஞானையனின் அம்மா மார்த்தாண்டத்தில். களியக்காவிளையில் மாநில எல்லையை அடைத்திருந்தார்கள். ஷெமியின் அம்மா குவைத்தில், விமானம் இல்லை.

"ஆரெங்கிலும் குஞ்ஞினெ எடுக்குமோ?" குழந்தையை யாராவது எடுத்துக்கொள்வார்களா என்று அந்தப் பெண் ஜன்னல்களைப் பார்த்துக் கேட்டாள்.

எங்கள் வீட்டில் மாமனார் டயாலிசிஸில் இருந்தார். இன்னொரு வீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காரணம் இருந்தது, எல்லாம் உண்மையான காரணங்கள். ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

உலகம்மை அத்தையின் கதவு திறந்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு படியருகே வந்தாள்.

"இஞ்ச தா."

குழந்தையை வாங்கினால் அவளும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டும், நாளை குழந்தைக்கு வந்தால் அவளுக்கும் வரும் என்று ஆஷா பணியாளர் எடுத்துச் சொன்னாள்.

"எல்லாம் அறியாம், எனக்கு தெரியும். தா."

பழக்கமில்லாத கைகள் நீண்டன. ஒரு பாத்திரத்தை வாங்குவதுபோலத்தான் வாங்கினாள். ஆம்புலன்ஸின் கதவு மூடும்வரை குழந்தையின் முகம் ஷெமிக்குத் தெரியும்படி தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் கரமனையிலிருந்து நெல்லையப்பன் ஃபோனில் கத்துவது எனக்கே கேட்டது. "அக்கா, ஒனக்கு சுகர் உண்டு! கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"பிடிச்சிருக்கு. ஃபோனெ வை" என்றாள் அத்தை.

அக்ஸா பால்பவுடரை வாயில் வைக்கவில்லை. பாட்டிலை நாக்கால் தள்ளியது. சங்குபோன்ற பாலாடையில் புகட்டினால் கடைவாயில் வழியவிட்டது. முற்றத்தில் அத்தை அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள், நடந்தாள்.

"நீது, என்ன செய்யணும் மக்ளே? எனக்கு ஒண்ணும் தெரியாதே!" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். எனக்கும் தெரியாது. இணையத்தில் பார்த்ததையெல்லாம் சொன்னேன். ஞானையன் சிகிச்சை மையத்திலிருந்து வீடியோவில் பாட்டுப் பாடிப் பார்த்தார். குழந்தை ஒரு நிமிஷம் உற்றுக் கேட்டுவிட்டு மறுபடியும் வீறிட்டது. மாலையில் அதன் அழுகைக்குச் சத்தமே இல்லாமல் போயிற்று. வாய் மட்டும் திறந்து மூடியது.

அப்போதுதான் அத்தை மாடிப்படியை நிமிர்ந்து பார்த்தாள். ஷெமியின் துவைக்காத துணிகளை, எரிக்க எடுத்துப்போவதற்காக மூட்டையாகக் கட்டி அங்கே வைத்திருந்தார்கள். அதன் பக்கம் போகவே கூடாது என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தார்கள். அத்தை குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு ஏறிப்போய் முடிச்சை அவிழ்த்தாள். பால்கறை படிந்த ஒரு நைட்டியை உருவினாள்.

"அத்தெ! தொடாதீங்கோ! அதுல கிருமி இருக்கும்!" என்று நான் கத்தினேன்.

"இருந்தா இருக்கட்டும். பிள்ளைக்கு அம்மெக்க மணம் வேணும்."

சேலைக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டாள். யார் செருப்புப் பட்டாலும் நடையைக் கழுவும் உலகம்மை, நோயின் வியர்வை படிந்த துணியைத் தலைவழியே போட்டுக்கொண்டு, குழந்தையை எடுத்து மார்போடு அணைத்தாள். அக்ஸா அந்தத் துணிக்குள் மூக்கைப் புதைத்தது. தேம்பியது. பிறகு அடங்கியது. அத்தை பாலாடையை அதன் உதட்டில் வைத்தாள். ஒரு மிடறு. இன்னொன்று. முற்றத்தின் ஈரத்தரையிலேயே அசையாமல் உட்கார்ந்து, பாலாடை காலியாகும்வரை அவள் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டதாகத் தோன்றியது.

சாத்தியிருந்த ஜன்னல்கள் மறுநாள் திறந்தன. யாரோ கயிற்றில் கட்டிப் பால்பவுடர் டின் இறக்கினார்கள், யாரோ பழைய வேஷ்டியைக் கிழித்துத் துணி அனுப்பினார்கள். அத்தை அந்த நைட்டியைத் துவைக்காமலே நாள்கணக்கில் உடுத்தியிருந்தாள். சோதனை எடுத்தபோது இருவருக்கும் ஒன்றுமில்லை. எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஷெமியை வென்டிலேட்டரில் வைத்திருந்தார்கள். குணமான ஞானையன் ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்தார். ஞானையன் ஃபோன் செய்யாத நாட்களில் அத்தை எங்களோடும் பேச மாட்டாள். ஆனால் தினமும் காலையில் குழந்தையைக் குளிப்பாட்டியதும், ஃபோனில் ஷெமியின் படத்தை எடுத்து அதன் முகத்துக்கு நேரே பிடிப்பாள்.

"பாரு, இதாக்கும் ஒனக்க அம்மெ. நான் இல்ல. கேட்டியா?"

ஓணத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஷெமி திரும்பி வந்தாள். எலும்பும் தோலுமாக, குரல் போய், ஞானையனின் தோளைப் பிடித்தபடி நடந்து வந்தாள். கைகளை நீட்டினாள். அக்ஸா அவளைப் பார்த்து மிரண்டு, அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டது. ஷெமியின் கைகள் அப்படியே நின்றன. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

அத்தை குழந்தையின் விரல்களைத் தன் கழுத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். ஷெமியின் கைகளில் வைத்தாள். உள்ளே போய் முன்கதவைத் தாழிட்டாள்.

மாடியில் குழந்தை அழுதது. கீழே, அடுக்களை வாசலில் அத்தை இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் அப்படித்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"அத்தெ, கொஞ்ச நேரம் போய் எடுத்தா என்ன?"

"நான் போனா அது எனக்க கிட்டேயே நிக்கும். அவ சாவெ தாண்டி வந்தது இதுக்கா?"

அவ்வளவுதான் சொன்னாள். அன்று அவள் அடுப்பு மூட்டவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டதைவிட, அதைக் கொடுத்துவிட்டு அந்த வாசலில் அவள் உட்கார்ந்திருந்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் மாடியில் அழுகை நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, குழந்தை சிரிக்கும் சத்தம் கேட்டது. உலகம்மை அத்தை காதிலிருந்து கைகளை எடுத்தாள். அது மறுபடியும் சிரிக்கும்வரை காத்திருந்துவிட்டு, எழுந்து முகம் கழுவி, உலையில் அரிசி போட்டாள். மாலையில் ஷெமி தானே இறங்கி வந்து, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, கதவைத் தட்டினாள்.

அவர்கள் இன்னும் அந்த மாடியில்தான் இருக்கிறார்கள். போன வாரம் அக்ஸாவுக்கு முதல் பல் ஆடத் தொடங்கியது. அதை உலகம்மையிடம் காட்ட வேண்டுமென்று படியிறங்கி ஓடினாள். ட்யூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஷெமி, "மெல்லெ, மெல்லெ" என்று சிரித்துக்கொண்டே பின்னால் வந்தாள்.