ஒரு வாய் வால்கொழுப்பு

மகனுக்குச் சம்பந்தம் பேசப் போன வீட்டு வாசலிலேயே காரில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, தான் கொண்டுவந்த டப்பாவைத் திறந்து சாப்பிடுகிற ஒரு பெண்ணைப் பற்றி என்ன நினைப்பது? அகதிர் ஊரில் பெண் வீட்டார் கேட்ட கேள்வி இது. அன்று யாராவது என்னிடம் கேட்டிருந்தால் எனக்கும் பதில் தெரிந்திருக்காது.

அந்தப் பெண் கர்லிகாஷ். கஸாக் நாட்டில், எங்கள் பல்காஷ் ஊர்ச் செம்பு ஆலையில் கிரேன் ஓட்டுகிறவர். கூரைக்கு அடியில், கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, உருகிய செம்பு நிறைந்த தொட்டியை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குக் கொண்டுபோகும் வேலை. கீழே ஆட்கள் நடமாடிக்கொண்டே இருப்பார்கள். கை கொஞ்சம் பிசகினாலும் யாரோ ஒருவர் வீட்டுக்குத் திரும்ப மாட்டார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கை பிசகியதில்லை.

கணவர் மாரடைப்பில் போன பிறகுதான் எல்லாம் மாறியது. ஷிப்ட் முடிந்து வந்தால் வெறும் வீடு. மகன் மதியார் கரகண்டாவில் படித்துக்கொண்டிருந்தான். கர்லிகாஷ் ஒரு கிண்ணம் பால் டீயை வைத்துக்கொண்டு உட்காருவார். பக்கத்தில் எண்ணெயில் பொரித்த பவுர்சாக் உருண்டைகள், ஜாம், வெண்ணெய். டீ முடிந்த பிறகும் எழுந்திருக்க மாட்டார். உடம்பு ஏறியது. கிரேன் கூண்டுக்குப் போகிற இரும்பு ஏணியில் நடுவில் நின்று மூச்சு வாங்கவேண்டிய நிலை வந்தது. ஆலை மருத்துவர், "இப்படியே போனா அடுத்த பரிசோதனையில உங்களுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது" என்றார்.

அப்படித்தான் அவர் எங்கள் ஜிம்முக்கு வந்தார். ஒன்பது மாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில், குழாய்களுக்கு நடுவே இருக்கிறது அது. நடத்துகிறவர் கிம். கொரிய வம்சம், ஆனால் கஸாக் மொழியில் எங்களைவிட நன்றாகத் திட்டுவார்.

"எடை குறையணுமா அக்கா, பலம் வேணுமா?"

"ஏணியில நிக்காம ஏறணும். அதுக்கு எது வேணுமோ அதக் குடு."

"என்ன சாப்பிடறீங்க?"

"எல்லாரும் சாப்பிடறதுதான்."

"எல்லாரும் ஏணியில பாதியில நின்னுக்கிட்டா இருக்காங்க?"

கர்லிகாஷ் சிரித்துவிட்டார். பட்டினி கிடக்க வேண்டாம், ஒவ்வொரு வேளையும் தட்டில் புரதம் இருக்கட்டும், மாவும் சர்க்கரையும் அதற்குப் பின்னால் வரட்டும் என்றார் கிம். அன்றிலிருந்து கர்லிகாஷின் சாப்பாடு எங்கள் ஊர் ஏரி மீன், முட்டை, தண்ணீர் வடித்த தயிர்க்கட்டி, வேகவைத்த கிரெச்கா தானியம். வேலை நடுவே கீழே இறங்கிச் சாப்பிட நேரமிருக்காது என்பதால் மட்டும் புரோட்டீன் பொடியைப் பாட்டிலில் கலக்கிக் கூண்டுக்குக் கொண்டுபோவார். "பொடின்னா அவசரச் சோறு. அதுல மந்திரம் ஒண்ணும் கிடையாது" என்று கிம் சொல்லியிருந்தார்.

ஒரு முறைதான் ஏமாந்தார். சந்தையில் யாரோ கொழுப்பு கரைக்கும் மாத்திரை என்று விற்றதை வாங்கி விழுங்கிவிட்டு ஷிப்டுக்குப் போனார். தொட்டியைத் தூக்கியதும் நெஞ்சு படபடத்தது, விரல் நடுங்கியது. கர்லிகாஷ் மணியை அடித்து, எல்லோரையும் விலகச் செய்து, தொட்டியை மெல்ல இறக்கி வைத்துவிட்டுக் கீழே வந்தார். "இன்னிக்கு இந்தக் கை என்னோடது இல்ல. வேற ஆள ஏத்துங்க" என்று மேற்பார்வையாளரிடம் சொன்னார். ஒரு நாள் கூலியும் போனது, ஒரு கண்டிப்பும் வந்தது. சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அதன் பிறகு ஜிம்மில் எங்களில் யார் கையில் புது டப்பா இருந்தாலும் பிடுங்கிப் பார்ப்பார். "இதுல என்ன இருக்குன்னு சொல்லு பாக்கலாம். தெரியாதா? அப்ப வாயில போடாத."

ஏணியில் நிற்காமல் ஏறத் தொடங்கிய பிறகும் அவர் விடவில்லை. தோளும் முதுகும் செதுக்கியதுபோல ஆகிவிட்டன. கரகண்டாவில் நடக்கும் உடற்கட்டுப் போட்டியில் நாற்பது வயது தாண்டிய பெண்களுக்கான பிரிவில் நிற்கலாம் என்று கிம்தான் ஆசை காட்டினார். போன வருடம் அதற்காக எல்லாம் தயாரானது. போட்டிக்குக் கொஞ்ச நாள் முன்பு கணவரின் நினைவு விருந்து வந்தது. ஒரே ஒரு பவுர்சாக் எடுத்தார். பிறகு இன்னொன்று. பிறகு அந்தத் தட்டு. அன்று நிறுத்தவில்லை, மறுநாளும் நிறுத்தவில்லை. போட்டிக்கு வரவில்லை என்று கிம்முக்குத் தகவல் மட்டும் அனுப்பிவிட்டு, ஒரு மாதம் ஜிம் பக்கமே தலைகாட்டவில்லை.

இந்த வருடம் மறுபடி ஆரம்பித்தார். போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது மதியாரின் சம்பந்தப் பேச்சு வந்து நின்றது. பெண் தோல்கனாயின் அப்பா தௌலெத்பெக்குக்கு ரயில்வேயில் அந்தச் சனிக்கிழமைதான் விடுப்பு.

கிளம்பும் முன் மதியார் செருப்பு வாரைத் திரும்பத் திரும்பச் சரிசெய்துகொண்டே சொன்னான்:

"அம்மா, அங்க போய் அதச் சொல்லிடாதீங்க."

"எத?"

"அதான்... மேடை. அந்த உடுப்பு. பெரியவங்கல்லாம் இருப்பாங்கம்மா."

"நான் என்ன திருடவா போறேன்?"

"தெரியும்மா. கல்யாணம் முடியட்டும். நானே பக்குவமா சொல்றேன்."

"சரிடா. சாப்பிடவும் வாயத் திறக்கல, பேசவும் திறக்கல. போதுமா?" என்று கர்லிகாஷ் தன் சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்தார்.

அகதிரில் வரவேற்பு பலமாக இருந்தது. மேசையில் இடமில்லாத அளவுக்குத் தட்டுகள். பெண்ணின் அத்தை ஜெய்னெப்தான் எல்லாவற்றையும் நடத்தினார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் எந்தப் பெட்டியில் ஒளிந்திருந்தாலும் பிடித்துவிடுவார் என்று பெயர்.

"சம்பந்தியம்மா, கஸி எடுத்துக்கலியே? நம்ம மேய்ச்சல் குதிரைக்கறில செஞ்சது. கடையில இந்த மாதிரி கிடைக்காது."

"எடுத்துக்கறேன், எடுத்துக்கறேன்."

"எடுத்துக்கறேன் எடுத்துக்கறேன்னே தட்டு ஆறிப்போச்சு."

"வயிறு கொஞ்சம் சரியில்ல."

"அப்ப கறிச்சாறு குடிங்க. அதுக்கு மேல மருந்து உண்டா?"

கிண்ணம் வந்தது. கர்லிகாஷ் அதை உதட்டுவரை கொண்டுபோய் இறக்கி வைத்தார். சாப்பாட்டு வேளை தவறிக்கொண்டிருந்தது. தலை லேசாகச் சுற்றியது. பரிசுப் பொருளைக் காரில் மறந்துவிட்டேன் என்று எழுந்து போனார். காரில் அமர்ந்து, உப்பில்லாத மீனை அவசர அவசரமாக விழுங்கும்போது ஜன்னலில் தட்டும் சத்தம். வெளியே ஜெய்னெப். இருவரும் கண்ணாடி வழியே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெய்னெப் ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பிப் போனார்.

சமையலறையில் பேசினார்.

"வயிறு சரியில்லையாம்! கார்ல உக்காந்து மீன் தின்னுது அந்த வயிறு."

"மெல்ல பேசுக்கா" என்றார் தௌலெத்பெக். பிறகு அவரே, "நம்ம சோறு ஆகலன்னா, நம்ம பொண்ணு மட்டும் எப்படி ஆகும்?" என்றார்.

தோல்கனாய் கழுவிக்கொண்டிருந்த கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதன் பிறகுதான் அந்தத் தட்டு வந்தது. வேகவைத்த ஈரலும் செம்மறி வால்கொழுப்பும், மெல்லிய துண்டுகளாக, மோரில் நனைந்து. பெண் வீட்டார் தங்கள் கையால் ஊட்ட வேண்டும், மாப்பிள்ளை வீட்டார் வாங்கிச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் பேச்சு முடிந்தது. அதன் பிறகு யாரும் பின்வாங்கக் கூடாது. வழக்கமாக அந்த நேரம் வீடே சிரிப்பில் அதிரும், மீசையில் மோரைப் பூசி விளையாடுவார்கள். கூட வந்திருந்த மதியாரின் சித்தப்பா வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. ஜெய்னெப் அடுத்த துண்டை எடுத்துக்கொண்டு கர்லிகாஷ் முன்னால் வந்து நின்றார்.

"சம்பந்தியம்மா, இத வாங்கினா நாம உறவு. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிடுங்க, நாங்களும் மனசத் தேத்திக்கறோம். வயித்து வலின்னு மட்டும் சொல்லாதீங்க."

"அத்தை, அம்மா வந்து..." என்று மதியார் எழுந்தான்.

கர்லிகாஷ் கையைக் காட்டி அவனை உட்கார வைத்தார்.

"பொய் சொன்னது என் தப்பு. வயித்துக்கு ஒண்ணுமில்ல. அடுத்த ஞாயித்துக்கிழமை கரகண்டாவுல ஒரு மேடையில ஏறப் போறேன். உடம்பக் காட்டற போட்டி. அதுக்காக மாசக்கணக்கா மீனும் தானியமும் தின்னுட்டிருக்கேன். உங்க வீட்டுச் சோறப் பாத்து எனக்கு எவ்வளவு எச்சில் ஊறுதுன்னு தெரிஞ்சா நீங்க என்னத் திட்ட மாட்டீங்க."

ஜெய்னெப்தான் கேட்டார்:

"உடம்பக் காட்டறதுன்னா... துணி எவ்வளவு?"

"ரெண்டு கைக்குட்டை."

கதவோரம் நின்ற பெண் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். தௌலெத்பெக் தன் டீக்கிண்ணத்துக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். மதியாரின் காதுகள் சிவந்துபோயின.

"இந்த வயசுலயா?" என்றார் ஜெய்னெப்.

"இந்த வயசுக்குத்தான் தனிப் பிரிவு இருக்கு."

"அப்ப, இந்த ஒரு வாயில எல்லாம் கெட்டுப்போயிடுமா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவர்கள் விட்டிருப்பார்கள். கர்லிகாஷ் அப்படிச் சொல்லவில்லை.

"கெடாது. ஒரு துண்டுக் கொழுப்பால என் உடம்பு நூலளவு கூட மாறாது. நான் பயப்படறது இதுக்கு இல்ல, அடுத்த துண்டுக்கு. போன வருஷம் என் வீட்டுக்காரர் நினைவு விருந்துல ஒரே ஒரு பவுர்சாக் எடுத்தேன். நிறுத்த முடியல. அது பசி இல்ல. மூடி கழண்டுக்கிட்ட மாதிரி. போட்டிக்கே போகல. இந்த வருஷமும் அப்படி ஆயிட்டா, நான் திரும்ப அந்த டீக்கிண்ணத்துக்கிட்டயே போய் உக்காந்துடுவேன். அதான்."

துண்டைப் பிடித்திருந்த ஜெய்னெப்பின் கை தாழ்ந்தது. குரலும் தாழ்ந்தது.

"பாதியா வெட்டித் தரட்டுமா?"

"உதட்டுல தொட்டாப் போதும் சம்பந்தி. நாங்க ஏத்துக்கறோம்" என்றார் தௌலெத்பெக்.

கர்லிகாஷ் தலையாட்டினார். "என் பையனுக்கு உங்க பொண்ணப் பாதியாவா கேட்டு வந்தேன்? முழுசா குடுங்க."

வாயைத் திறந்தார். ஜெய்னெப் ஊட்டினார். மாதக்கணக்காக உப்பும் நெய்யும் தொடாத நாக்கு அது. கொழுப்பு உருகி வாயெல்லாம் பரவியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவசரப்படாமல் மென்றார். மோர் வழிந்த மோவாயைத் துடைத்துக்கொள்ளக்கூட மறந்துபோனார். விழுங்கி முடித்ததும், "நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

விருந்து வைக்கிற பழக்கத்தில் ஜெய்னெப்பின் கை தானாகத் தட்டுக்குப் போனது. "இன்னொண்ணு?"

"வேண்டாம்."

குரல் உயரவில்லை. முகம் சுளிக்கவில்லை. ஆனால் அவருடைய கைகள் இரண்டும் வெளுத்துப்போகுமளவுக்கு முழங்காலை இறுகப் பிடித்திருந்ததை மதியார் பார்த்தான்; பின்னால் எங்களிடம் சொன்னான். கிம் ஜிம்மில் எவ்வளவோ பாரத்தை அவர் முதுகில் ஏற்றியிருக்கிறார். எதற்கும் அந்தக் கைகள் அப்படி வெளுத்து நாங்கள் பார்த்ததில்லை.

ஜெய்னெப் அந்தத் துண்டை எடுத்து மதியாரின் வாயில் திணித்தார். "உங்க அம்மா பங்கையும் நீயே தின்னு, மாப்பிள்ளை. மேடைக்குப் போறத மறைக்கணும்னு யோசனை சொன்னது நீதானே? மூஞ்சியே சொல்லுது." அப்போதுதான் வீடு சிரித்தது. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த தோல்கனாயும் சிரித்தாள்.

கிளம்பும்போது வழக்கப்படி விருந்துச் சோற்றை ஒரு பெரிய பையில் கட்டிக் கொடுத்தார்கள். அதை மறுக்கக் கூடாது. கஸியும் பவுர்சாக்கும் கார் முழுக்க மணத்தன.

"பின்னாடி டிக்கியில வச்சிடட்டுமாம்மா?" என்றான் மதியார்.

"வேண்டாம். என் மடியிலயே இருக்கட்டும்."

புல்வெளி வழியே வெகுதூரம். முடிச்சைப் பிடித்தபடியே உட்கார்ந்து வந்தார். ஒரு தடவை முடிச்சை அவிழ்த்தார். மதியார் சாலையைப் பார்க்காமல் அவரைப் பார்த்தான். கர்லிகாஷ் ஒரு பவுர்சாக்கை எடுத்து அவன் வாயில் வைத்துவிட்டு, மறுபடி கட்டிவிட்டார். "ரோட்டப் பாருடா" என்றார். மறுநாள் பை அப்படியே ஆலைக்குப் போனது. அவருடைய ஷிப்ட் ஆட்கள் தின்று தீர்த்தார்கள்.

கரகண்டா அரங்கில் முன்வரிசையில் தோல்கனாயும் ஜெய்னெப்பும் உட்கார்ந்திருந்தார்கள். கர்லிகாஷ் மேடைக்கு வந்ததும் ஜெய்னெப் சால்வையால் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் சால்வை மூக்குக்கு இறங்கியது. கர்லிகாஷ் திரும்பி நின்று முதுகை விரித்தபோது ஜெய்னெப் எழுந்தே விட்டார்: "எங்க சம்பந்தி! முதுகப் பாருங்க! எல்லாம் மீன் தின்னு வந்தது!"

ஐந்து பேரில் மூன்றாவது இடம். கிம் அவரைச் சுற்றி வந்து மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அந்த வால்கொழுப்பு எங்கயும் தெரியலியே அக்கா" என்றார். மதியார் எங்கள் எல்லோருக்கும் முன்னால் அம்மாவின் பதக்கத்தைக் கையில் வாங்கி, பக்கத்திலிருந்தவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தான்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு வாய் தின்றுவிட்டேன், இனி எல்லாம் போச்சு என்று தன்னைத் தானே வெறுத்துக்கொள்கிற யாரோ ஒருவர் உங்கள் ஜிம்மிலும் இருப்பார். விருந்தாளி சாப்பிடவில்லையே என்று மனம் நொந்துபோகிற ஒருவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். அந்த இரண்டு பேருக்கும் கர்லிகாஷ் அக்காவின் கதையைச் சொல்லுங்கள்.