மூடுபனிக்காரி கல்தூமா

வாசலைத் தாண்டியதும் கல்தூமா உதட்டை நக்கிப் பார்க்கிறாள். உப்புக் கரித்தால் கடற்காற்று. மூடுபனி மேற்கிலிருந்து புறப்பட்டிருக்கலாம். கரிக்கவில்லை என்றால் முக்காட்டின் நுனியை உயர்த்திப் பிடித்து, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்க்கிறாள். அதற்கப்புறம்தான் முகம் கழுவுவது. அதுவும் ஒரு கை தண்ணீரில், கண்ணுக்கு மட்டும்.

ஊரில் பத்தொன்பது வீடுகள். ஆறு கிடையாது, ஊற்று கிடையாது. பின்னால் நிற்கிற மலையின் முதுகில் இரும்புக் கம்பங்களுக்கு நடுவே ஏழு கறுப்பு வலைகள் இருக்கின்றன. மூடுபனி அவற்றுக்குள் புகுந்து போகும்போது கண்ணிகளில் துளி துளியாக நீர் கோக்கும். அது வழிந்து அடியில் இருக்கும் தகர ஓடையில் விழும். அங்கிருந்து மணல் வடிகட்டிக்கு, பிறகு தொட்டிக்கு, பிறகு குழாய் வழியே வீடுகளுக்கு. வலைகளைப் பார்த்துக்கொள்வது கல்தூமாவின் பொறுப்பு. தினமும் மலையேற வேறு யாரும் முன்வரவில்லை என்பதால் ஊர்க்கூட்டம் அவளைப் பிடித்துப் போட்டது. ஏழு வருஷமாகிறது.

மூடுபனியை அவள் மூடுபனி என்று சொல்வதில்லை. "மாப்பிள்ளை" என்பாள். "மாப்பிள்ளை முறுக்கிக்கிட்டு நிக்கிறாரு." "நேத்து வந்தாரு, வாசலோட திரும்பிட்டாரு." தொட்டி விளிம்புவரை நின்றாலும் "நெறைய இருக்கு" என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வராது. அவளது சட்டைப்பையில் எப்போதும் வலை மாட்டும் ரப்பர் கொக்கிகள் நாலைந்து கிடக்கும். போன கோடையில் ஒரு கல்யாண வீட்டில் மூக்கைத் துடைக்கத் துணியை உருவியபோது அவை மணப்பெண்ணின் தேநீர்த் தட்டில் விழுந்து உருண்டன.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. முப்பத்தொன்பது வயதுவரை கிணற்றுக்கு நடந்தவள். போக இரண்டு மணி நேரம், சுமையோடு வர மூன்று மணி நேரம். நெற்றியில் கயிறு அழுத்திய இடம் இன்றும் கொஞ்சம் பள்ளமாகத்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்தை அவள் பார்த்ததெல்லாம் அந்தக் கிணற்றுப் பாதையிலிருந்துதான், தூரத்தில் ஒரு வெள்ளைச் சுவராக. அவள் மகள் தமீமுந்த்துக்கு இப்போது பன்னிரண்டு வயது. ஒரு நாள்கூட அந்தப் பாதையில் கால் வைத்ததில்லை.

இந்தச் சித்திரையில் ஷெர்கி அடித்தது. கிழக்கே பாலைவனத்திலிருந்து வரும் அனல்காற்று அது. வழக்கமாக மூன்று நாளில் ஓய்ந்துவிடும். இந்தத் தடவை ஒரு வாரம் தாண்டியும் ஓயவில்லை. எட்டாம் நாள் ஒரு வலை மேலிருந்து கீழ்வரை கிழிந்து தொங்கியது. மீதி ஆறும் போய்விட்டால் புது வலை வர மாதக்கணக்காகும் என்று கல்தூமா தனியாகவே ஆறையும் அவிழ்த்துச் சுருட்டி, கல்லை ஏற்றி வைத்துவிட்டு இறங்கினாள். தொட்டியில் முழங்கால் அளவு தண்ணீர். குழாயை ஒரு நாளைக்கு அரைமணி நேரம் மட்டும் திறந்தாள்.

பக்கத்து வீட்டு இஜ்ஜா இவளைவிடப் பத்து வயது மூத்தவள். தெருவில் வைத்து எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்: "ஏன்டி, வலையெல்லாம் சுருட்டி வச்சுட்டியாமே. உன் மாப்பிள்ளை வந்தா எங்க உக்காருவாரு? உன் மடியிலயா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"வந்தா ஓடிப்போய் விரிப்பேன்கா."

"நீ மலையேறி முடிக்கிறதுக்குள்ள அவரு விருந்து சாப்பிட்டுக் கைகழுவிட்டுப் போயிருப்பாரு."

கல்தூமாவுக்கும் அதே பயம்தான். விரித்து வைத்தால் காற்று கிழிக்கும். சுருட்டி வைத்தால் பனி தப்பிவிடும். இரண்டு ராத்திரி இதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துப் படுத்திருந்தாள்.

பதினோராம் நாள் காலையில் இஜ்ஜாவின் வாசலில் மூன்று பிளாஸ்டிக் கேன்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஏழு வருஷமாகப் பரணில் கிடந்தவை.

"எதுக்குக்கா கேனு?" என்றாள் கல்தூமா.

"எதுக்குன்னா? நாளைக்குத் தொட்டி காஞ்சா யாரு போவா? எம் கடைக்குட்டிப் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன், திங்கக்கெழமையிலேருந்து பள்ளிக்கூடம் வேணாம்னு. உன் மகளும் கூடப் போகட்டும், ரெண்டு பேரா நடந்தா பயமிருக்காது."

கல்தூமா கேன்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் முக்காட்டு நுனி முகத்தில் வந்து ஒட்டியது. காற்று திரும்பியிருந்தது. நாக்கை நீட்டினாள். உப்பு. மேற்கே வானத்தின் அடியில் சுண்ணாம்பு தடவியது மாதிரி ஒரு வெள்ளைக் கோடு.

"அக்கா, உன் கழுதைய அவுத்து விடு!"

மலையுச்சிக்கு ஒரு மணி நேர ஏற்றம். கழுதைமேல் கயிறு, கொக்கிகள், ஒரு வெள்ளைக் கிண்ணம், அது தண்ணீர் குடிக்கும் வாளி. இரண்டு பெண்களும் அதன் பின்னால் ஏறினார்கள். திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் வெள்ளைக் கோடு தடித்துக்கொண்டே வந்தது. பாதி வழியில் அது அவர்களை முந்திக்கொண்டு மேலே போயிற்று. கல்தூமா கைகளையும் ஊன்றி ஏறினாள். இவ்வளவு அடர்த்தியான பனி கம்பங்களுக்கு நடுவே சும்மா கடந்துபோய்க்கொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது.

முதல் வலையை மாட்ட அரைமணி ஆயிற்று. விரல்கள் விறைத்துவிட்டன. இஜ்ஜா கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "இழுடி, இழு" என்று கத்தினாள். நாலாவது வலை ஏறும்போதே முதல் வலையின் ஓடையில் சலசலப்புக் கேட்டது. இஜ்ஜா ஓடிப்போய் எட்டிப் பார்த்து, "வந்திருச்சுடி!" என்று கையைத் தட்டினாள்.

கல்தூமா வடிகட்டிக்கும் தொட்டிக்கும் போகும் குழாயை மூடி, வெளிப்போக்கைத் திறந்துவிட்டாள். தண்ணீர் மண்ணில் கொட்டியது.

"பைத்தியமா உனக்கு? பதினோரு நாளா நாக்கு வறண்டு கெடக்கு, கொட்டுறியே!"

"புழுதிக்கா. வலை பூரா ஷெர்கிப் புழுதி. கழுவிப் போகட்டும்."

"வடிகட்டி எதுக்கு இருக்கு? பனி விலகிட்டா என்னடி பண்ணுவே? சொல்லு!"

முந்தின வருஷம் இதே மாதிரி ஒரு நாளில் கல்தூமா பொறுக்காமல் நேரே தொட்டிக்கு விட்டாள். வடிகட்டி அடைத்துக்கொண்டது, கலங்கல் தண்ணீர் ஊருக்குள் போயிற்று, ஒன்பது பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் படுத்தார்கள். காற்றின்மேல் பழியைப் போட்டு எல்லோரும் மறந்துவிட்டார்கள். குழாயைத் திறந்தது தன் கை என்பது அவளுக்கு மட்டும் மறக்கவில்லை.

மீதி வலைகளையும் மாட்டிவிட்டு வந்து, வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பார்த்தாள். அடியில் மஞ்சளாக ஒரு படிவு. கொட்டினாள். மறுபடி பிடித்தாள். பனி ஒருமுறை மெலிந்து, கீழே ஊரின் கூரைகள் தெரிந்தன. இஜ்ஜா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். கல்தூமா குழாய்த் திருகில் கை வைத்தாள், ஆனால் திருகவில்லை. கூரைகள் மறுபடி மறைந்தன. ஏழாவது கிண்ணத்தில் அடி தெளிவாகத் தெரிந்தது. இஜ்ஜாவிடம் நீட்டினாள். அவள் குடித்துப் பார்த்துத் தலையசைத்தாள். கல்தூமா வெளிப்போக்கை மூடித் தொட்டிக்குத் திருப்பினாள்.

அதற்குப் பிறகு இருவருக்கும் செய்ய ஒன்றுமில்லை. தொட்டிக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, நிற்காமல் கேட்டது. இஜ்ஜா சிரிக்கத் தொடங்கினாள். "என் பேச்ச மனசுல வச்சுக்காதடி. திங்கக்கெழமை ரெண்டும் பள்ளிக்கூடம் போகட்டும்" என்றாள். பிறகு, நனைந்து கனத்த தன் போர்வையை உருவி இரண்டு கையாலும் முறுக்கிப் பிழியப் போனாள்.

கல்தூமா அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். போர்வையோடு அந்தக் கைகளை அப்படியே இரண்டடி நகர்த்தி, கழுதையின் வாளிக்கு மேலே கொண்டுவந்து விட்டாள்.