பதினேழு வரைக்கும்

துறைமுக கேட்டில் வண்டியை நிறுத்தினால் எப்போது உள்ளே விடுவார்கள் என்று சொல்ல முடியாது. அதற்காகவே எங்களிடம் ஒரு விளையாட்டு இருந்தது. முன்னால் நிற்கும் கண்டெய்னரின் கதவில் ஆறு இலக்கத்தில் எண் இருக்கும். கட்டத்துக்குள் தனியாக ஒரு இலக்கம் உண்டு, அதைச் சேர்க்க மாட்டோம். அந்த ஆறும் எதில் மிச்சமில்லாமல் வகுபடுகிறது என்று பார்ப்போம். வகுபட்டால் உடைந்தது என்போம்.

மூன்று எளிது. இலக்கங்களைக் கூட்டினால் தெரிந்துவிடும். ஏழு, பதினொன்று, பதிமூன்று, இந்த மூன்றுக்கும் ஒரே வழிதான். முன் மூன்று இலக்கம், பின் மூன்று இலக்கம், இரண்டில் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து, வருவது உடைகிறதா என்று பார்த்தால் போதும். ஏன் என்று எங்களுக்குத் தெரியாது. தப்பியதில்லை. பதினேழுக்கு நீட்டி வகுக்க வேண்டும். அதற்குள் வரிசை நகர்ந்துவிடும். அதனால் பதினேழோடு நிறுத்துவது எங்கள் சட்டம்.

என்னோடு ஆடியவன் காயல்பட்டினத்துக்காரன். ஒரே முதலாளியிடம் லாரி ஓட்டினோம். அவன் மச்சான் துபாயில் விசா பார்த்து வைத்திருந்தான். நாங்கள் கடைசியாக ஆடிய அன்று, சாயங்காலத்துக்குள் அவன் பதில் சொல்ல வேண்டும். மனைவி போகச் சொன்னாள். பெற்ற உம்மா அழுதாள். காலையிலிருந்து அவன் பேசவே இல்லை. கேட்டில் நின்றபோது முன்னால் இருந்த பெட்டியைக் காட்டினான். 510511.

"உடைஞ்சா போவல. உடையலன்னா போறேம்ல."

உடைய வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. அதைச் சொல்லவில்லை.

ஒற்றைப்படை. கூட்டினால் பதிமூன்று, மூன்றுக்கு ஆகாது. ஐந்துக்கும் இல்லை. ஐநூற்றுப் பதினொன்றில் ஐநூற்றுப் பத்து போக ஒன்று. ஏழும் பதினொன்றும் பதிமூன்றும் ஒரே அடியில் போயின. பதினேழை உள்ளங்கையில் பேனாவால் போட்டேன். ஒன்று மிஞ்சியது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். ஒன்றுதான்.

அவன் வண்டியில் ஏறிக்கொண்டான். அந்த மாதமே துபாய் போய்விட்டான்.

வேறு ஆட்களோடு ஆடிப் பார்த்தேன். சரிப்படவில்லை. இப்போது வரிசையில் எல்லோரும் போன் பார்க்கிறார்கள். நானும்தான். ஒரு நாள் போனிலேயே அந்த எண்ணைப் போட்டு, பதினேழைத் தாண்டிப் போனேன். பத்தொன்பதில் உடைந்தது. மிச்சமே இல்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன். வெகு நேரம் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

இந்த நோன்புப் பெருநாளுக்கு அவன் ஊருக்கு வந்திருந்தான். தாடி நரைத்துவிட்டது. பத்தொன்பதில் உடைந்ததை டீக்கடையில் வைத்துச் சொன்னேன். அவன் ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்ல. நீ பதினேழு போடும்போதே நான் பத்தொம்பது போட்டுட்டேன்."

"பெறவு ஏம்ல போன?"

டம்ளரைக் கையில் உருட்டினான்.

"போவணும்னு எப்பவோ முடிவு பண்ணியாச்சு. உங்கிட்ட நேரா சொல்லத்தான் வாய் வரல."

அவன் லீவு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. நாளை மதுரைக்கு லோடு இருக்கிறது, கூட வாரியா என்று கேட்டேன். வாரேன் என்றான்.