சம்பளத்தைச் சொல்லுங்கள், வாடகையைச் சொல்கிறோம்

வீட்டுத் தரகர் என்பவர் அடுத்தவரின் சம்பளத்தை அவர் பெண்டாட்டிக்கு முன்னாலேயே தெரிந்துகொள்கிற, ஆனால் தனக்கென்று ஒரு சம்பளம் இல்லாத பிறவி.

நான் அந்தப் பிறவிதான். பெயர் ரோஸ்லின். போர்ட் பிளேயரில், ஜங்லிகாட்டில், ஒரு ஸ்கூட்டரையும் இரண்டு சிம் கார்டையும் வைத்துக்கொண்டு பன்னிரண்டு வருடமாக ஊருக்கெல்லாம் வீடு பார்த்துக் கொடுக்கிறேன். கணவர் அந்தோணி படகு இன்ஜின் மெக்கானிக். மகள் ஜெனி பிளஸ் டூ. "உங்களுக்கென்ன, கடலைப் பாத்துக்கிட்டே காலத்தை ஓட்டிரலாம்" என்று தூத்துக்குடியிலிருந்து போன் பண்ணும் சொந்தக்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். கடலைப் பார்க்கக் காசு வேண்டாம். பார்க்கிற ஜன்னலுக்குத்தான் வாடகை.

போன வருடக் கடைசியில் எங்கள் வீட்டு ஓனரே எங்களைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். ஜனவரி கடைசிவரை கெடு. ஜெனிக்குப் பிப்ரவரியில் பரீட்சை. ஊருக்குள் வேறு வீடு கிடைக்காவிட்டால் பாராடாங் தீவில் கொழுந்தன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அங்கே இடம் தாராளம், வாடகையும் கிடையாது. ஆனால் அங்கிருந்து தினமும் பள்ளிக்கூடம் வர வேண்டுமென்றால் ஃபெர்ரி ஏறி, இக்கரையில் இறங்கி, காட்டு வழியில் வண்டிகளை வரிசை கட்டி அனுப்பும் கான்வாய்க்குக் காத்திருந்து வர வேண்டும். விடைத்தாளைத் திரும்ப வாங்குகிற நேரத்துக்குப் பிள்ளை பரீட்சை ஹாலுக்குப் போய்ச் சேரும்.

சம்பளத்தை இந்தக் கையில் வாங்கி அந்தக் கையில் வாடகையாகக் கொடுத்துவிட்டு வெறும் கையை வீசி நடக்கும் என் சக ஜீவன்களே, உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்!

முதல் கேள்வி

மற்ற ஊர்களில் வாடகை வீட்டைப் பொறுத்தது. எங்கள் ஊரில் அது குடிவருகிறவரின் ஐடி கார்டைப் பொறுத்தது. ஓனர்கள் கேட்கும் முதல் கேள்வியே, "சர்காரியா, பிரைவேட்டா?" என்பதுதான். சர்காரி என்றால் அரசாங்க உத்தியோகம். யாருக்கு எவ்வளவு வீட்டு வாடகைப் படி என்பது ஓனர்களுக்கு ஜெபம் மாதிரி மனப்பாடம். அந்தத் தொகையைத்தான் வாடகையாகச் சொல்வார்கள். பிரைவேட் என்றால் உதட்டைப் பிதுக்கிவிட்டு யோசிப்பார்கள். இந்தப் பழக்கத்தைப் பாதிப் பேருக்குப் பழக்கிவிட்டதே நான்தான் என்பதையும் ஒத்துக்கொண்டு விடுகிறேன். தரகருக்குக் கமிஷன் ஒரு மாத வாடகை. வாடகை ஏறினால் எனக்கு வலிக்கவா செய்யும்?

மின்னி பே பகுதியில் ஓர் அங்கிள். மாடி வீடு, மொட்டை மாடியில் நின்றால் கடல். கன்னியாகுமரியிலிருந்து தனியார் கிளினிக்குக்கு வேலைக்கு வந்த ஒரு நர்ஸ் பெண்ணை அழைத்துப் போனேன். அது வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாடகை எவ்வளவு என்று கேட்டது. அங்கிள் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. சம்பளத்துக்கும் வாடகைக்கும் என்ன சம்பந்தம் என்று எகிறியது. அங்கிள் குரலை உயர்த்தவே இல்லை.

"மீனைப் பாக்காம யாராச்சும் விலை சொல்லுவாங்களாம்மா?" என்றார்.

இரட்டை உத்தியோகம்

இந்த முதல் கேள்வியைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துகொண்டு வந்தவர் ஒரு மதுரைக்காரர். அசல் சர்காரி ஆள். "மேடம், நான் பிரைவேட்டுனு சொல்லிக்கிறேன். வாடகை இறங்கிருமுல்ல?" என்று என்னிடமே திட்டம் போட்டார். எனக்குக் கமிஷன் குறைகிற திட்டத்தை என்னிடமே சொல்கிற வெள்ளந்தி மனசு. சொன்னபடியே மறுநாள் இரண்டு நாள் தாடி, ரப்பர் செருப்பு, சாயம் போன சட்டை சகிதம் வந்து நின்றார். எனக்கே ஐந்து ரூபாய் கொடுக்கலாம் போல இருந்தது.

வீட்டு ஓனர் வங்காளி அம்மா. எல்லாருக்கும் அவர் தீதி, அதாவது அக்கா. மதுரைக்காரர் தெரிந்த இந்தியில், தான் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை பார்ப்பதாகச் சொன்னார். கடைச் சம்பளத்தில் இந்த வீட்டுக்குக் கரண்ட் பில்கூடக் கட்ட முடியாது, கிளம்பு என்று தீதி கதவைச் சாத்தப் போனார். ஏற்கெனவே ஆறு வீடு கைநழுவிப் போயிருந்த மதுரைக்காரருக்குப் பதறிவிட்டது. சட்டைப் பையிலிருந்து ஆபீஸ் ஐடி கார்டை உருவி நீட்டினார். தீதி போட்டோவையும் தாடியையும் மாறி மாறி மூன்று தடவை பார்த்தார். பிறகு கதவை அகலமாகத் திறந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, இந்தியில் அன்பொழுகச் சொன்னார்:

"அரே, ரெண்டு வேலை பாக்கிறீங்களா? பஹுத் அச்சா! உக்காருங்க, ரெண்டு சம்பளத்துக்கும் சேத்து வாடகை சொல்றேன்."

கப்பலில் வந்த தக்காளி

பெங்களூரிலிருந்து ஓர் இளம் ஜோடி வந்தது. இரண்டு பேருக்கும் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. தீவு வாழ்க்கைக்கு எவ்வளவு சம்பளம் போதும் என்று இன்டர்நெட்டில் படித்துவிட்டு, லேப்டாப்பில் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். தேங்காய்க்கு நேரே பூஜ்யம். மரத்திலேயே இருக்குமாம். மீனுக்கு நேரேயும் பூஜ்யம். ஏன் தம்பி என்று கேட்டேன். "தூண்டில் வாங்கிட்டு வந்துருக்கேன் ஆன்ட்டி" என்று அந்தப் பையன் பெருமையாகப் பையைத் தட்டிக் காட்டினான். என் கணவர் வீட்டுப் பரம்பரையே கடலில் மீன் பிடித்துத்தான் இந்த நிலைமைக்கு வந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளின் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்?

வீடு பேசி முடிந்த வாரமே கடல் கொந்தளித்து, மெயின்லேண்டிலிருந்து வர வேண்டிய கப்பல் நாலு நாள் தாமதம். ஜங்லிகாட் மார்க்கெட்டில் இரண்டு பேரையும் பார்த்தேன். தெலுங்கு பேசும் லட்சுமி அக்காவின் கடை முன்னால், தக்காளி விலையைக் கேட்டுவிட்டு அந்தப் பையன் உறைந்து போய் நின்றான். பெங்களூரில் இதில் பாதி விலைகூட இல்லை என்று தமிழிலும் இங்கிலீஷிலும் வாதாடினான். அக்கா தக்காளி மேல் உட்கார்ந்த ஈயை விரட்டியபடி பதில் சொன்னார்:

"அங்க தக்காளி லாரில சும்மா ஏறி வருது தம்பி. இங்க கப்பல் டிக்கெட் எடுத்து வருது. டிக்கெட் காசு உங்க கம்பெனியா குடுக்கும்?"

ஊர் மாறினால் வாடகை மாறாதா?

எங்கள் ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றினார்களே, அப்போது எல்லாரும் பெயர்ப்பலகையை மாற்றினார்கள். ஓர் ஓனர் மட்டும் வாடகையை மாற்றினார். அக்ரிமென்ட் முடிய இன்னும் எட்டு மாதம் இருந்தது. எழுதிக் கொடுத்தது நான் என்பதால் என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டார். "இதுல என்ன போட்டிருக்கு? போர்ட் பிளேயரில் உள்ள வீடுன்னு. போர்ட் பிளேயர்னு ஒரு ஊரே இப்ப கிடையாதே! ஊர் இல்லைன்னா அக்ரிமென்ட் ஏது?" என்றார். இப்படி ஒரு மூளையை இத்தனை நாள் கப்பல்துறையில் வீணாக்கிவிட்டு ரிடையர் ஆகியிருக்கிறார் மனுஷன்.

குடியிருந்தவர் ராமநாதபுரத்துக்காரர், டூரிஸ்ட் பஸ் டிரைவர். அக்ரிமென்ட்டை வாங்கி நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஊரு மாறிருச்சு, ஒத்துக்கிறேன் சார். ஆனா என் சம்பளம் இன்னும் போர்ட் பிளேயர்லதானே இருக்கு!"

என் முறை

டிசம்பர் முழுக்க எனக்காக நானே வீடு தேடினேன். கமிஷன் மிச்சம் என்று அந்தோணி ஆறுதல் சொன்னார். போன இடமெல்லாம் எனக்குத் தெரிந்த ஓனர்கள்தான். டீ கொடுத்தார்கள், கேக் கொடுத்தார்கள், கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொன்னார்கள். வீட்டை மட்டும் கொடுக்கவில்லை. கடைசியில் மின்னி பே அங்கிளிடம் போனேன். மாடி காலியாகத்தான் இருந்தது. அவருக்கு இதுவரை ஏழு குடித்தனம் பிடித்துக் கொடுத்தவள் நான்.

"வாங்க ரோஸ்லின். ஆளு சர்காரியா, பிரைவேட்டா?" என்றார் வழக்கம்போல. எனக்குத்தான் அங்கிள் என்றேன். "சரி. சர்காரியா, பிரைவேட்டா?" என்றார் மறுபடியும். நான் ரோஸ்லின், அங்கிள் என்றேன். அது பேரு, வேலை என்ன என்று கேட்டார். படகு இன்ஜின், வீட்டுத் தரகு என்று இழுத்தேன். சம்பளச் சீட்டு இருக்கிறதா என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில், பன்னிரண்டு வருஷப் பழக்கத்துக்கு இதுதான் மரியாதையா என்று கத்தியேவிட்டேன். அங்கிளுக்கு நிஜமாகவே வருத்தம். என் முன்னால் டீயை நகர்த்தி வைத்தார்.

"கோபப்படாதீங்கம்மா. தெரிஞ்சவங்களாச்சேன்னு பாத்து விட்டா வீடு விளங்காதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

பார்க்க வந்தவர்கள்

எங்கள் ஓனர் நல்லவர். எங்களைக் காலி பண்ணச் சொன்ன கையோடு, "கமிஷன் எதுக்கு வெளியாளுக்குப் போகணும் ரோஸ்லின்? நீங்களே ஒரு சர்காரி பார்ட்டி பாருங்க" என்று என்னிடமே பொறுப்பைக் கொடுத்துவிட்டார். எங்கள் வாடகையைப் போல ஒன்றே முக்கால் மடங்கு கேட்டார். வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கமிஷன் வந்தால்தான் வேறு ஏதாவது ஒரு பொந்துக்காவது அட்வான்ஸ் கொடுக்க முடியும். ஆக, ஜனவரி மூன்றாம் வாரம் ஒரு சனிக்கிழமை காலையில், சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த ஓர் அதிகாரியையும் அவர் மனைவியையும் என் வீட்டுக்கு நானே கூட்டிக்கொண்டு போய், என் வீட்டு பெல்லை நானே அடித்தேன். வீட்டில் இருப்பது தரகரே என்று தெரிந்தால் பேரம் படியாது. அது தொழில் பழக்கம். கதவைத் திறந்த அந்தோணியைப் பார்த்து, "சார், வீடு பாக்க வந்துருக்காங்க" என்றேன். பாவம், அந்த மனுஷனும் "வாங்க மேடம்" என்று என்னையும் சேர்த்து வரவேற்றார்.

அந்த அம்மாள் குழாயைத் திறந்து பார்த்தார், அலமாரியைத் தட்டிப் பார்த்தார், அடுப்பில் நான் வைத்துவிட்டு வந்த மீன்குழம்பின் மூடியைத் திறந்துகூடப் பார்த்தார். நான் பாட்டுக்கு நல்ல காற்று, நல்ல தண்ணீர், நல்ல அக்கம்பக்கம் என்று ஒப்பித்துக்கொண்டிருந்தேன். பதினொரு வருடம் நான் கூட்டிப் பெருக்கின வீடு. ஒவ்வொன்றையும் புகழப் புகழ எனக்கே அந்த வீட்டின் மேல் ஆசை வந்துவிட்டது. உள் அறையில் ஜெனி பிசிக்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நல்ல வீட்டை இவங்க ஏன் காலி பண்றாங்க?" என்று என்னைக் கேட்டார். சொந்த ஊருக்குப் போகிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஜெனி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எங்க சம்பளம் பத்தல ஆன்ட்டி. நீங்க நிக்கிற பக்கத்துச் சுவர் மழைக்கு ஒழுகும். மத்ததெல்லாம் எங்கம்மாட்டயே கேளுங்க, உங்க பக்கத்துலதான் நிக்கிறாங்க."

கணக்கு முடிந்தது

வெட்கத்தில் நான் செத்தேன். அவர்கள் சிரித்துக்கொண்டே வீட்டை எடுத்துக்கொண்டார்கள். ஒழுகும் சுவருக்காக ஓனர் வாடகையில் ஆயிரம் ரூபாய் குறைத்தார். அதே சுவருக்காகப் பதினொரு மழைக்காலம் நான் கெஞ்சியபோது ஒரு பிளாஸ்டிக் வாளி வாங்கிக் கொடுத்த மகராசன்! கமிஷன் பணத்தை அட்வான்ஸாகக் கொடுத்து, ஜங்லிகாட்டிலேயே ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு மேலே ஒற்றை அறை பிடித்தோம். கீழே கிரைண்டிங் மெஷின் அலறும். ஜெனி காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படித்தாள். பரீட்சை நாட்களில் பள்ளிக்கு ஐந்தே நிமிடத்தில் நடந்து போனாள். ஒன்று பாக்கியில்லாமல் எழுதி முடித்துவிட்டாள். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? கட்டிலும் பீரோவும் அந்த அறைப் படியில் ஏறாததால், லாரியில் ஏறி, ஃபெர்ரி பிடித்து, பாராடாங்கில் கொழுந்தன் வீட்டுக்குக் குடிபோய்விட்டன.

இந்த ஊரில் வசதியாகக் குடியிருக்க எவ்வளவு சம்பளம் வேண்டும் என்பது எனக்கு இன்னமும் பிடிபடவில்லை; ஆனால் சம்பளமே இல்லாமல் தீவில் விசாலமாக வாழ்வதற்குக் கட்டிலாகவோ பீரோவாகவோ பிறந்திருந்தால் போதும்.