கதிரை வருமுன் தைத்த குஷன் உறை

செய்தி வந்தபோது நான் ரஸீன் நானாவின் தையல் கடையில் பாடசாலைச் சட்டை ஒன்றுக்குக் காலர் பொருத்திக்கொண்டிருந்தேன். போனை எடுத்தவர் நானாதான். "ம்" கொட்டியபடி கேட்டார். பிறகு சுவரோரம் போய் மெஷின்களுக்கான சுவிட்சை அணைத்தார். கரண்ட் போய்விட்டது என்று நினைத்தேன். ராகலையில் அது புதினமா என்ன, நான் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "காமாட்சி தங்கச்சி போயிட்டாவாம்" என்றார். எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, ஆத்திரம். சொந்த வீட்டுக் கதிரையில் என்னை உட்கார வைக்காமல் சாகமாட்டேன் என்று சொன்ன மனுஷி, சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லையே என்ற ஆத்திரம்.

காமாட்சி அக்காவை அறிந்த உங்களுக்கு அவருடைய வாயும் தெரியும், என் வாயும் தெரியும். எங்கள் இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்ததற்காக நானா பலதரம் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறார். அக்கா தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். முழங்கால் மலை ஏற மறுத்தபின் கடைக்கு வந்து, காஜா எடுப்பது, ஓரம் மடித்துத் தைப்பது, பொத்தான் வைப்பது என்று கைவேலையைப் பிடித்துக்கொண்டார். கொழுந்து கிள்ளிய விரல் என்பதால் ஊசி அவருக்குப் பாரமாகத் தெரியவில்லை. நான் மெஷினில் ஓட்டுவேன், அவர் பக்கத்திலிருந்து முடிப்பார். இடையிடையே சண்டை போடுவோம்.

அவருடைய மகன் ரவிக்கு நுவரெலியாவில் ஹோட்டல் வேலை. டவுனிலேயே பெண் பார்த்துக்கொண்டான். பெண் வீட்டார் அக்கா இருந்த தோட்டத்து லயத்துக்கு வந்த நாளை அக்கா எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று எனக்குக் கணக்கில்லை. ஒரே காம்பரா, ஒற்றை அறை. உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, துணிப்பெட்டி. கதிரை வைக்க இடம் இருந்தால்தானே கதிரை இருக்கும். கட்டிலில் உட்காரச் சொன்னால் சம்பந்தி அம்மா, "பரவாயில்லைங்க" என்று வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நின்றபடியே தேத்தண்ணியைக் குடித்தார். கூட வந்தவர்களும் நின்றார்கள். கப்பை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்கள். கல்யாணம் நடந்தது. ஆனால் மருமகள் அந்தக் காம்பராவுக்குள் கால் வைக்கவில்லை. ரவியும் தீபாவளிக்குத் தனியே வந்து, நின்றுவிட்டுப் போகிறவன் ஆனான்.

"நின்னுக்கிட்டுப் பேசுறவங்க போயிருவாங்க புள்ள. உக்காந்து பேசுறவங்கதான் நம்மாளுங்க" என்பார் அக்கா. இதை அவர் தத்துவமாகச் சொல்லவில்லை. வயிறெரிந்து சொன்னார்.

பிறகு அந்த மழை. லயத்துக்குப் பின்னாலிருந்த மேடு இறங்கியது உங்களுக்குத் தெரியும், உங்களில் பாதிப்பேர் அன்று அங்கே இருந்தவர்கள். பகலாக இருந்ததால் உயிர் தப்பியது. அக்காவின் காம்பரா கட்டில், பெட்டி, அடுப்போடு மண்ணுக்குள் போனது. அவர் தோளில் போட்டிருந்த பழைய கம்பளி மட்டும் மிஞ்சியது. கொழுந்து மலைக்குப் போகும் காலத்தில் மழைக்குப் போர்த்திய அதே கம்பளி. எல்லாரையும் பள்ளிக்கூடத்தில் வைத்தார்கள், பின்பு மைதானத்தில் தகரக் கொட்டில் போட்டுக் கொடுத்தார்கள். தற்காலிகம் என்றார்கள். தனி வீடு வரும், ஆளுக்கொரு துண்டு நிலம் வரும் என்றார்கள்.

அடிக்கல் நாட்டு விழாவுக்கு நானும் போயிருந்தேன். பந்தல், மாலை, மைக். டவுனிலிருந்து வாடகைக்கு வந்த கதிரைகள். நடுவில் ஒரு பெரிய சிவப்பு வெல்வெட் கதிரை, பிரதம விருந்தினருக்கு. கல் வைத்த இடம் அக்காவுக்கென்று சொன்ன துண்டு. பேசியவர்கள் பேசி முடித்து வாகனம் ஏறினார்கள். சனம் கலையுமுன் அக்கா கழுத்தில் கிடந்த அளவு நாடாவை இழுத்து எடுத்துக்கொண்டு நேரே அந்த வெல்வெட் கதிரைக்குப் போனார். நீளம், அகலம், உயரம் என்று அளந்தார். கதிரை ஏற்ற வந்த பையன்கள் லொறிக்குப் பக்கத்தில் நின்று சிரித்தார்கள். எனக்கு மானம் போனது.

"என்னக்கா செய்றீங்க?"

"குஷன் தைக்கப் போறேன். அளவு வேணாமா?"

"அது வாடகைக் கதிரைக்கா. இன்னும் கொஞ்ச நேரத்துல லொறியில ஏறிப் போயிரும்."

"போகட்டும். வீடு குடுக்குறவன் உக்காந்த கதிர இதுதானே. வீட்டுக்கு வர்ற கதிர இதவிடச் சின்னதாவா இருக்கும்?"

இப்படியொரு கணக்கை எங்கள் சனத்தைத் தவிர வேறு யாரும் போடமாட்டார்கள். கொடுக்கிறவன் உட்கார்ந்த அளவிலேயே நமக்கும் கொடுப்பான் என்று நம்புகிற கணக்கு. எருமை வாங்குமுன் நெய் விலை பேசாதே என்பார்கள். அதைச் சொல்லியும் பார்த்தேன். அக்கா நாடாவைச் சுருட்டிக்கொண்டு நடந்தார்.

கடையில் வெட்டிய துணித்துண்டுகளை நானா மூட்டை கட்டி மூலையில் போடுவார். அக்கா அதிலிருந்து பொறுக்கத் தொடங்கினார். சுடிதார்த் துண்டு, ரவிக்கைத் துண்டு, திரைச்சீலையில் மிஞ்சிய பூப்போட்ட கரை, பாடசாலைச் சட்டையின் வெள்ளை. பிஸ்கட் பெட்டி அட்டையில் ஒரு சதுரம் வெட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டையும் அதன்மேல் வைத்துச் சுற்றிலும் தையலுக்கு விரற்கடை விட்டு வெட்டினார். கொட்டிலில் இருந்த பெண்களும் துணி கொண்டுவந்து கொடுத்தார்கள். கறுப்பு வேண்டாம் என்றார். நிவாரணத்தில் வந்த உடுப்பையும் தொடவில்லை. "யாரோ கழட்டிப் போட்டதுல என் வீட்டுக்கு வர்றவங்கள உக்கார வைக்க மாட்டேன்" என்றார். நிவாரணத்தில் கிடைத்த நல்ல சட்டையொன்றை வெட்டிக் கொடுக்க வந்தவள் கோபித்துக்கொண்டு போனாள். போனவள் போகட்டும் என்று அக்கா கையிலிருந்த துண்டை வெட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கொட்டிலுக்குப் போனபோது தரையில் சாக்கு விரித்து வேலை நடந்தது. சதுரங்களை வரிசையாகச் சேர்த்து, வரிசைகளை ஒன்றோடொன்று இணைத்து முன்பக்கம் தயார். மேலே மழை தகரத்தில் அடித்ததில் நாங்கள் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. நடுவில் வைக்க மெல்லிய பஞ்சு விரிப்பு ஒன்றை நானாவிடம் கேட்டு வாங்கிப் போயிருந்தேன். அக்கா அதைப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார். மடித்து வைத்திருந்த கம்பளியை எடுத்தார். அதன்மேல் கத்தரிக்கோலை வைத்தார்.

"அக்கா, மிஞ்சுனது அது ஒண்ணுதான். குளிருக்கு என்ன செய்வீங்க?"

"இது பொறந்ததுலேருந்து மழையிலதான் கெடந்துச்சு. இனியாவது வீட்டுக்குள்ள இருக்கட்டும்" என்று வெட்டினார்.

கீழே கோதுமை மாப் பையை வெளுத்தெடுத்த துணி, நடுவில் கம்பளி, மேலே ஒட்டுத்துண்டுகள். மூன்றையும் நீளத் தையலால் தற்காலிகமாகப் பிடித்துவிட்டு, ஒவ்வொரு சதுரத்தின் ஓரமாகவும் சிறு தையல் போட்டுக்கொண்டே போனார். ஊசி கம்பளிக்குள் இறங்கும்போது விரலில் ஏறும். அக்கா தலையில் ஊசியைத் தேய்த்து எண்ணெய் ஏற்றி மறுபடி குத்துவார். பின்பக்கம் பொத்தான் வைத்துத் திறப்பு விட்டார். வேலை முடிந்தபோது உண்மையைச் சொல்கிறேன், அழகாக இருந்தது. ஆனால் எவ்வளவு பெரியது. எங்கள் ஊரில் இருக்கிற பிளாஸ்டிக் கதிரை எதிலும் அது அடங்காது. கொஞ்சம் குறைத்துத் தையுங்கள் என்று சொன்னேன். பஞ்சு அடைத்தாவது வையுங்கள் என்றேன். இரண்டும் நடக்கவில்லை.

"பஞ்ச இப்பவே அடைச்சா இந்த ஈரத்துல பூத்துப் போயிரும். கதிர வந்த பெறகு அடைச்சுக்கலாம்."

"கதிரை எங்கக்கா இருக்கு?"

"அவங்க மேல இருந்து கீழ வர மாட்டேங்கிறாங்க. நான் கீழ இருந்து மேல போறேன். மொதல்ல குஷன், அப்புறம் கதிர, அப்புறம் வீடு."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு எங்களுக்குச் சிரிக்க அதிகம் கிடைக்கவில்லை.

கல் வைத்த இடத்தில் புல் ஏறியது. யாரோ அந்தக் கல்லில் ஆடு கட்டினார்கள். கிராம சேவகர் ஒருநாள் கொட்டில்களைப் பார்க்க வந்தார். அக்கா ஓடிப்போய், "வாடி வென்ன மஹத்தயா" என்று சிங்களத்தில் உட்காரச் சொன்னார். சொன்னபிறகுதான் உட்கார ஒன்றுமில்லை என்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். தண்ணீர் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் சாக்கைப் போட்டார். அந்த மனிதர் நல்லவர்தான். "கமக் நே அம்மே", பரவாயில்லை அம்மா என்று சொல்லிவிட்டு, நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். அடிக்கல் வைத்த மேடும் சரியக்கூடிய மண்ணாம். அங்கே கட்ட முடியாதாம். வேறு இடம் பார்க்க வேண்டுமாம். எப்போது என்று அவருக்கும் தெரியாது. அவர் போனபின் அக்கா வெகுநேரம் அந்த வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று பக்கத்துக் கொட்டில்காரர்கள் சொன்னார்கள்.

மறுநாள் கடைக்கு வந்து வழக்கம்போல் காஜா எடுத்தார். சாப்பாட்டு நேரத்தில் அவராகவே, "கல்லுக்கு மாலை போட்டப்பவே நெனச்சேன் புள்ள. செத்ததுக்குத்தானே மாலை போட்டுட்டுப் போயிருவாங்க" என்றார். அதற்குப் பின் வீட்டைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். உறையை மட்டும் வெயில் கண்ட நாளில் எடுத்து உதறிக் காயவைத்து, மறுபடி பொலித்தீன் பையில் போட்டுக் கட்டுவார்.

தகரக் கொட்டிலின் குளிர் அவர் நெஞ்சில் இறங்கியது. கம்பளி உறைக்குள் தைக்கப்பட்டிருந்தது. சளி, இருமல், பிறகு மூச்சு. ஆஸ்பத்திரியில் சேர்த்தபின் ஒரு பின்னேரம் பார்க்கப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில், பார்க்க வருகிறவர்களுக்கென்று ஒரு கதிரை. சாதாரண இரும்புக் கதிரை. நான் பழக்கதோஷத்தில் நின்றுகொண்டே இருந்தேன். அக்கா கையைத் தூக்கிக் காட்டினார்.

"உக்காரு புள்ள. இது எனக்குத்தான் குடுத்திருக்காங்க."

உட்கார்ந்தேன். எவ்வளவோ காலம் பக்கத்தில் இருந்தவர், அன்றுதான் வீட்டுக்காரியைப் போல என்னைப் பார்த்தார். தேத்தண்ணி கொடுக்க வழியில்லையே என்றார். ரவி வந்தானா என்று கேட்டேன். "வந்தான். உக்காரச் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நின்னுட்டுப் போனான்" என்றார். நேரம் முடிந்து எங்களை வெளியே அனுப்பும்வரை நான் அந்தக் கதிரையிலிருந்து எழும்பவில்லை. என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

சாவுக்கு மரண உதவிச் சங்கத்துக் கதிரைகள் வந்தன. கொட்டில் வாசலில் வரிசையாக, மைதானம் நிறையப் போட்டார்கள். நீங்களெல்லாம் உட்கார்ந்திருந்தீர்கள். ரவி உட்கார்ந்தான். மருமகள் உட்கார்ந்தாள். அன்றைக்கு நின்றபடி தேத்தண்ணி குடித்த சம்பந்தி அம்மாவும், உள்ளே சவப்பெட்டி இருந்த இடத்துக்கு நேரே, சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இத்தனை பேர் உட்கார்ந்து பேசியதை அக்கா பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசிக்கப் போனேன், என்னால் முடியவில்லை.

அடக்கம் முடிந்து வந்ததும் வழக்கப்படி அவர் படுத்த பாய், தலையணை, கட்டிய துணிகளை மூட்டையாக்கி ஆற்றோரம் போடக் கொண்டுபோனார்கள். உறை இருந்த பொலித்தீன் பையும் அதற்குள் போய்விட்டது. நான் வழிமறித்து மூட்டையை அவிழ்த்தேன். பெரியம்மா ஒருவர் என் கையைப் பிடித்தார்.

"செத்தவங்க பொருள வீட்டுக்குக் கொண்டு போகாதடி. ஆகாது."

"இது அவங்க பாவிச்சது இல்ல பெரியம்மா. இதுல ஒருத்தரும் உக்காந்ததே இல்ல" என்றேன். அவர் கையை விட்டார்.

முறைப்படி மகனுக்குத்தானே சேரவேண்டும். ரவியிடம் நீட்டினேன். விரித்துப் பார்த்தான். தையலை விரலால் தடவினான். அவன் கண் கலங்கியதை நான் மறைக்கப்போவதில்லை. "எங்க வீட்டுல சோபா இருக்கு. இது அதுக்குப் பொருந்தாது. நீங்களே வச்சுக்கங்க" என்று மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தான்.

அவரை நினைக்க என்னிடம் இருப்பது அதுதான். பஞ்சு அடைக்காத ஓர் உறை. பார்த்தால் பாடசாலைச் சட்டையின் வெள்ளை கொஞ்சம் பழுப்பேறியிருக்கிறது. மூக்கருகே கொண்டுபோனால் கம்பளியில் இன்னும் மழை வாசனை வருகிறது. கொண்டுவந்த அன்று அதை எங்கே வைப்பது என்று கையில் பிடித்தபடி எங்கள் காம்பராவைச் சுற்றிப் பார்த்தேன். கட்டில், அடுப்பு, துணிப்பெட்டி. பையிலேயே போட்டுக் கட்டி, கூரைச் சட்டத்து ஆணியில் தொங்கவிட்டேன். எங்கள் லயத்திலும் யார் வீட்டிலும் கதிரை இல்லை.